இன்ஃபோகிராஃபிக்கும் விருந்தினர் கட்டுரையும்: எந்த இணைப்பு நிற்கும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மிதிவண்டிப் பராமரிப்பு பற்றி ஒரு சிறிய இணையதளம் நடத்துகிறீர்கள். கட்டுரைகள் உழைத்து எழுதியவை. ஆனாலும் கூகுள் தேடலில் மூன்றாம் பக்கத்தைத் தாண்டி அவை மேலே வரவில்லை. எஸ்இஓ, அதாவது தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலையைச் செய்யும் நிறுவனம் ஒன்று, மாதத்துக்கு முப்பது விருந்தினர் கட்டுரைகள் (பிறர் தளங்களில் உங்கள் பெயரில் வருபவை), ஓர் இன்ஃபோகிராஃபிக் (தகவலை விளக்கும் படம்), அதை நூறு தளங்களில் பதிவேற்றுவது என்று ஒரு திட்டம் கொடுத்திருக்கிறது. அதை ஏற்கலாமா, நீங்களே செய்யலாமா, பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய சில இணைப்புகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் திட்டத்தை ஏற்காதீர்கள். இன்ஃபோகிராஃபிக்கும் விருந்தினர் கட்டுரையும் இன்றும் பலன் தரக்கூடிய வழிகள்தான். ஆனால் "மாதம் முப்பது", "நூறு தளங்கள்" என்று எண்ணிக்கையில் விலை பேசப்படும்போது, அவற்றில் பலன் தரும் பகுதி முதலிலேயே கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது வெறும் இணைப்பு. அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடத் தேடுபொறிகள் பல ஆண்டுகளாகப் பழகியிருக்கின்றன.

இணைப்புக்கு ஏன் மதிப்பு வந்தது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றவை தானாகப் புரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் தங்கள் தேடுபொறியை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் அடிப்படை எளியது. ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அப்படியே நம்ப வேண்டாம். மற்றவர்கள் அதைச் சுட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். சுட்டுகிறவரையும் பலர் சுட்டினால் அவர் சொல்லுக்குக் கூடுதல் எடை தர வேண்டும். ஆக, இணைப்பு என்பது ஒரு சாட்சியம். சாட்சி சொல்பவருக்கு அதில் ஆதாயம் இல்லாதவரைதான் சாட்சியத்துக்கு மதிப்பு. கூகுள் அதன்பின் இணைப்புகள் தொடர்பாகக் கொண்டுவந்த விதிகள் அனைத்தும் இந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவை.

2005-இல் நோஃபாலோ என்ற குறி வந்தது. "இந்த இணைப்பை நான் பரிந்துரையாகக் கொடுக்கவில்லை" என்று தள உரிமையாளர் தேடுபொறிக்குச் சொல்லும் வழி அது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் செய்த பென்குயின் என்ற மாற்றம், செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளை நம்பியிருந்த தளங்களைக் கீழே தள்ளியது. 2014 ஜனவரியில், கூகுளின் ஸ்பேம் (தேடலை ஏமாற்றும் உத்திகள்) தடுப்புக் குழுவுக்குத் தலைமை வகித்த மேட் கட்ஸ், இணைப்புக்காக விருந்தினர் கட்டுரை எழுதுவதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். அடுத்த இரண்டே மாதங்களில், எழுதுபவர்களையும் தளங்களையும் சேர்த்துவைக்கும் பெரிய விருந்தினர் கட்டுரை வலையமைப்பு ஒன்றின் மீது கூகுள் நடவடிக்கை எடுத்தது. 2016 செப்டம்பரில் பென்குயின் கூகுளின் அடிப்படைக் கணிப்பு முறைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அப்போது நிகழ்ந்த ஒரு மாற்றத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அதுவரை கெட்ட இணைப்பு தளத்தையே கீழே இழுத்தது. அதன்பின் பெரும்பாலும் அந்த இணைப்பு கணக்கில் சேர்க்கப்படாமல் போகிறது. 2022 டிசம்பரில், இணைப்புகளை விற்கவும் வாங்கவும் பயன்படும் தளங்களை இனம்காண ஸ்பேம்பிரெய்ன் என்ற இயந்திரக் கற்றல் முறையும் சேர்ந்தது.

முப்பது கட்டுரைத் திட்டத்தின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தண்டனை கிடைத்தால் தவறு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கணக்கில் சேராமல் போனால் எதுவுமே தெரியாது. மாதாமாதம் அறிக்கை வரும், அதில் முப்பது இணைப்புகளின் பட்டியல் இருக்கும், பணம் போகும், தரவரிசை அசையாது. "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லப்படும். இப்படி ஓர் ஆண்டை இழந்த தளங்கள் ஏராளம்.

இனி உங்கள் இரண்டு வழிகளுக்கு வருவோம். இவற்றை ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். ஆனால் அடிப்படையிலேயே இரண்டும் வெவ்வேறு. இன்ஃபோகிராஃபிக்கைப் பார்த்து இன்னொருவர் தன் பக்கத்தில் இணைப்புக் கொடுத்தால், அந்த முடிவை எடுத்தவர் அவர். விருந்தினர் கட்டுரையில் உங்கள் தளத்துக்கான இணைப்பை வைப்பவர் நீங்கள். முதலாவது பிறர் சொல்லும் சாட்சியம். இரண்டாவது பிறர் வீட்டில் நின்றுகொண்டு நீங்களே சொல்லிக்கொள்வது. எனவே விருந்தினர் கட்டுரையை வாசகர்களையும் ஆசிரியர்களின் அறிமுகத்தையும் தேடித்தரும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளை ஈர்க்கும் வேலையை உங்கள் தளத்தில் இருக்கும் படமும் தரவும் செய்யட்டும். இந்தப் பிரிவினை மனத்தில் தெளிவானால் பாதி குழப்பம் போய்விடும்.

முதலில் இன்ஃபோகிராஃபிக். இந்த வழி கெட்டுப்போனதற்குக் காரணம், படமே தேவைப்படாத செய்திகளுக்கெல்லாம் நீளநீளமாகப் படம் வரைந்ததுதான். "மிதிவண்டி ஓட்டுவதால் பத்து நன்மைகள்" என்று பத்துப் பொம்மைகளும் பத்து வரிகளும் போட்டால் அது அலங்கரித்த பட்டியல். அதை யாரும் மேற்கோள் காட்ட வேண்டிய தேவை இல்லை. அதே பட்டியலை அவர்களே ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொள்வார்கள். படத்தை எடுத்துவிட்டு அதே செய்தியை மூன்று வரியில் சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடிந்தால் அது படமாக வேண்டியதில்லை.

உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சங்கிலியை எப்போது மாற்ற வேண்டும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. எல்லாத் தளங்களும் "சங்கிலி நீண்டுவிட்டால் மாற்றுங்கள்" என்று எழுதுகின்றன. எவ்வளவு நீண்டால்? புதிய சங்கிலியில் ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம் அரை அங்குலம். 24 இடைவெளிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். தேய்மானம் 0.5 சதவீதத்தை எட்டும்போது அதே நீளம் ஏறக்குறைய 306.3 மில்லிமீட்டர் ஆகிறது, 0.75 சதவீதத்தில் 307.1. பின்சக்கரத்தில் 11, 12 பல்சக்கரங்கள் உள்ள வண்டிகளுக்கு 0.5 சதவீதத்திலேயே மாற்றிவிடச் சொல்வார்கள். 10 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 0.75 வரை போகலாம் என்பது பொதுவான வழிகாட்டல். ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்பதைச் சொல்லில் எழுதினால் வாசகருக்கு அது ஓர் எண் மட்டுமே. சங்கிலியின் மேல் ஓர் எஃகு அளவுகோலை வைத்து, 12 அங்குலக் கோட்டுக்கும் ஆணியின் மையத்துக்கும் இடையே விழும் இடைவெளியைப் பெரிதாக்கி, புதியது, 0.5, 0.75 என்று மூன்று நிலைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்துவிட்டால் போதும். பார்த்தவர் எழுந்துபோய்த் தன் வண்டியை அளந்துவிடுவார். தேய்ந்த சங்கிலி பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பதை நான்காவதாக ஒரு சிறு படமாகக் காட்டலாம். அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

ஒரு படம், ஒரு கேள்வி. ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் பேசப்படுவதற்கு இதுவே காரணம். கிரிமியப் போரில் வீரர்கள் எதனால் செத்தார்கள் என்ற ஒரே கேள்விக்கு அது விடை சொன்னது: காயங்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களே அதிகம் பேரைக் கொன்றன. வேறு எதையும் அதில் அவர் நுழைக்கவில்லை.

தரவு எங்கிருந்து கிடைக்கும் என்பது அடுத்த கவலை. பெரிய ஆய்வு தேவையில்லை. நீங்களே அளந்தது, உங்களிடம் வந்த கேள்விகளைத் தொகுத்தது, பொதுவெளியில் சிதறிக் கிடக்கும் உற்பத்தியாளர் கையேடுகளை ஒரே அட்டவணையாக்கியது, இவை எல்லாமே தரவுதான். எப்படி அளந்தீர்கள், எத்தனை அளந்தீர்கள், எந்தத் தேதியில் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பிறர் தயங்காமல் மேற்கோள் காட்டுவது இந்த மூன்று வரிகளைப் பார்த்துத்தான். தேடி எடுத்த எண்களாக இருந்தால் மூலத்துக்குச் செல்லும் இணைப்பையும் கொடுங்கள். இணைப்பு எதிர்பார்ப்பவர் இணைப்புக் கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படத்தை வெளியிடும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். அகலம் 800 பிக்சல் என்று வைத்து, எழுத்தை 14 பிக்சலில் வரைந்தால் கணினித் திரையில் அழகாகத் தெரியும். 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையில் அதே எழுத்து ஏறக்குறைய 6 பிக்சலாகச் சுருங்கிவிடும். பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. அந்த அகலத்துக்கு 30 பிக்சலுக்குக் குறையாமல் எழுத்து வையுங்கள். இடம் போதவில்லை என்றால் செய்தியைக் குறைப்பதே சரி. கோடுகளும் எழுத்துமாக இருக்கும் வரைபடத்துக்கு எஸ்விஜி வடிவம் மிகவும் ஏற்றது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஒளிப்படம் கலந்திருந்தால் வெப்பி (WebP) வடிவம். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பல மெகாபைட் எடையுள்ள ஒரு படம் அதைத் தனியாகவே கெடுத்துவிடும்.

படத்துக்குள் எழுதியதைத் தேடுபொறி நம்பகமாகப் படிக்கும் என்று எண்ணாதீர்கள். அதே செய்தியைப் படத்தின் கீழே சாதாரண எழுத்தாக, அட்டவணையோடு எழுதுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள வாசகருக்கும் அது தேவை. படத்துக்கான ஆல்ட் உரையில் (படம் தெரியாதபோது அதன் இடத்தில் வரும் சொற்கள்) படம் என்ன காட்டுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: படமே இணைப்பாக இருக்கும்போது, இணைப்புச் சொற்களின் இடத்தில் கூகுள் ஆல்ட் உரையைத்தான் எடுத்துக்கொள்கிறது. அங்கே முக்கியச் சொற்களை வரிசையாகத் திணித்தால் அது யார் கண்ணிலும் படாமல் போகாது.

ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம், தனி முகவரி வேண்டும். முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். அடுத்த ஆண்டு தரவைப் புதுப்பிக்கும்போது அதே முகவரியில் புதுப்பித்தால், பழைய இணைப்புகள் எல்லாம் புதிய படத்துக்கும் பயன்படும். அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் முக்கியக் கட்டுரைகளுக்கு உள் இணைப்பு கொடுக்க மறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் மதிப்பு தளத்தின் மற்றப் பக்கங்களுக்குப் பரவுவது அந்த வழியாகத்தான். இன்ஃபோகிராஃபிக் பக்கத்துக்கு நல்ல இணைப்புகள் வந்தும் மற்றக் கட்டுரைகள் அசையவில்லை என்று வருந்துபவர்களின் தளத்தைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் அந்தப் பக்கம் எதனோடும் சேராமல் தனியாக நிற்கும்.

எம்பெட் கோடு கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். படத்தை எடுத்துப் போட விரும்புகிறவர் நகலெடுத்து ஒட்டிக்கொள்ளும் சிறு நிரல் அது. கொடுக்கலாம். ஆனால் அதற்குள் "மலிவு விலை மிதிவண்டிச் சங்கிலி" என்பதுபோல விற்பனைச் சொல்லை இணைப்பாக ஒளித்து வைப்பது, விட்ஜெட்டுகள் (பிற தளங்களில் ஒட்டிக்கொள்ளும் சிறு நிரல்கள்) வழியாகப் பரப்பப்படும் இணைப்பு என்ற வகையில் கூகுளின் ஸ்பேம் விதிகளில் நேரடியாக மாட்டிக்கொள்ளும். 2012-லேயே மேட் கட்ஸ் இன்ஃபோகிராஃபிக் இணைப்புகளின் மதிப்பைக் குறைக்க நேரிடலாம் என்று ஒரு நேர்காணலில் சொன்னது இதை வைத்துத்தான். எடுத்தவர் தான் எதற்கு வாக்களிக்கிறோம் என்று அறியாமலே வாக்களிக்கிறார் என்பதே அதில் உள்ள கோளாறு. உங்கள் தளத்தின் பெயர் மட்டும், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, "படம்: இன்ன தளம்" என்று இருக்கட்டும். அந்த இணைப்புக்கு நோஃபாலோ போடுவது இன்னும் பாதுகாப்பானது. அப்படிச் செய்தால் பயன் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். படம் உண்மையிலேயே உதவினால், எடுத்தவர்கள் தங்கள் கட்டுரையின் வாக்கியத்துக்குள் தாங்களாகவே இணைப்புக் கொடுப்பார்கள். அந்த இணைப்புதான் நாம் தேடுவது.

நூறு தளங்களில் பதிவேற்றுவதா? வேண்டாம். இன்ஃபோகிராஃபிக்குகளைச் சேர்த்துவைக்க மட்டுமே இருக்கும் தளங்களுக்கு வாசகர் என்று யாரும் வருவதில்லை. அதற்குச் செலவாகும் நேரத்தில், படத்தின் உரிம நிபந்தனையைத் தெளிவாக எழுதுங்கள். பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற வகை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இதற்குப் பொருத்தமானது. வேறு மொழியில் ஆக்க விரும்புகிறவர்களுக்காக, எழுத்தைத் திருத்தக்கூடிய கோப்பையும் வைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் மூலத்தை மதித்து இணைப்புக் கொடுப்பவர்கள். வெளியிட்ட சில வாரங்களில் தொடங்கி அவ்வப்போது கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ படத்தைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். பெயர் சொல்லாமல் எடுத்தவர்கள் கிடைப்பார்கள். சண்டைக்குப் போகாமல், "பயன்படுத்தியதில் மகிழ்ச்சி, படத்தின் கீழே மூலப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு சேர்க்க முடியுமா" என்று இரண்டு வரி எழுதினால் போதும். படம் ஏற்கெனவே பிடித்துப்போனவரிடம் கேட்கிறீர்கள் என்பதால், மற்ற எந்தக் கோரிக்கையையும்விட இதற்கு இசைவு எளிதில் கிடைக்கும்.

அடுத்து விருந்தினர் கட்டுரை. எங்கே எழுதுவது என்பதே இதில் முக்கால் பங்கு. நிறுவனங்கள், ஒரு தளத்தின் வலிமையைக் கணிக்கும் டொமைன் அத்தாரிட்டி, டொமைன் ரேட்டிங் என்ற எண்களைக் காட்டி விற்பார்கள். முன்னது மாஸ் நிறுவனத்தின் கணிப்பு, பின்னது ஏரெஃப்ஸ் நிறுவனத்தின் கணிப்பு. கூகுள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண்கள்தான், ஆனால் செயற்கை இணைப்புகளைக் குவித்து அவற்றை உயர்த்திவிட முடியும் என்பதால் அவற்றை மட்டும் நம்பி இடம் தேர்ந்தெடுக்கக் கூடாது. நான் பார்ப்பது வேறு. அந்தத் தளத்தின் கடைசி இருபது கட்டுரைகளின் தலைப்புகளைப் படித்துப் பாருங்கள். மிதிவண்டி, கடன், சூதாட்டம், பல் மருத்துவம், வளர்ப்பு நாய் என்று எல்லாம் அடுத்தடுத்து வந்தால் அது இணைப்புச் சந்தை. கட்டுரைக்குள் எங்கெங்கே வெளி இணைப்புகள் போகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் பொருந்தாத இடத்தில் ஒரே ஒரு விற்பனைத் தளத்துக்கு இணைப்பு இருந்தால், அது விலைக்குப் போனது. எழுதியவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா? கடைசியாக ஒரு கேள்வி: இந்தத் தளம் இணைப்பே தராது என்றாலும் அதன் வாசகர்களுக்காக இங்கே எழுதுவேனா? இல்லை என்ற விடை வந்தால் விட்டுவிடுங்கள்.

பெரிய செய்தித் தளத்தின் "கூட்டாளர் பகுதியில்" இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கூடுதல் எச்சரிக்கை தேவை. புகழ்பெற்ற தளத்தின் நற்பெயரைப் பயன்படுத்தித் தேடலில் ஏறுவதற்காக வெளியார் எழுதும் பக்கங்களுக்கு எதிராகக் கூகுள் 2024 மார்ச்சில் தனி விதி அறிவித்து மே மாதம் முதல் செயல்படுத்திவருகிறது. அதிக விலைக்கு வாங்கும் இடம் முதலில் காணாமல் போகும் இடமாகவும் இருக்கலாம்.

காசு கைமாறினால் அந்த இணைப்புக்கு ஸ்பான்சர்டு குறி இருக்க வேண்டும். 2019-இல் நோஃபாலோவோடு கூட ஸ்பான்சர்டு, யுஜிசி என்ற இரண்டு குறிகளைக் கூகுள் சேர்த்தது. முன்னது விளம்பரத்துக்கு, பின்னது வாசகர்கள் எழுதும் பகுதிக்கு. அப்போதிருந்து இந்தக் குறிகளைக் கூகுள் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாக எடுத்துக்கொள்கிறது. எனவே நல்ல தளத்தில் வந்த நோஃபாலோ இணைப்பை வீண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வாசகர் வருவார், அந்த வாசகர்களில் சிலர் தாங்களும் எழுதுபவர்களாக இருப்பார்கள்.

என்ன எழுதுவது? உங்களிடம் இருப்பதில் மிகச் சிறந்ததை எழுதுங்கள். இதைச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள், நல்லதை நம் தளத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று. ஆனால் உங்களை இதற்குமுன் கேள்விப்பட்டிராத வாசகர் முதன்முதலாகப் படிக்கப்போவது அந்தக் கட்டுரையைத்தான். அந்தத் தளத்தில் ஏற்கெனவே உள்ள கட்டுரைகளைப் படித்து, எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த இடைவெளிக்கு எழுதுங்கள். ஒரே கட்டுரையைச் சொல் மாற்றி ஐந்து தளங்களுக்குக் கொடுக்காதீர்கள். 2017 மே மாதம் கூகுள் விடுத்த நினைவூட்டல், பெருமளவில் கட்டுரைகளைப் பரப்பி, அவற்றில் முக்கியச் சொற்களை இணைப்பாக்குவதைத்தான் பெயர் சொல்லிக் கண்டித்தது.

கட்டுரைக்குள் இணைப்பு எங்கே வர வேண்டும்? எழுதியவர் குறிப்பில் உங்கள் பெயரும் தளத்தின் பெயரும் இயல்பாக வரும், அது போதும். உடலுக்குள் ஓர் இணைப்பு தேவையென்றால், அதை எடுத்துவிட்டால் வாசகருக்கு ஏதாவது குறைய வேண்டும். "அளவுகோலை வைத்துப் பார்க்கும் முறையை இந்தப் படத்தில் காணலாம்" என்று எழுதுவது அப்படிப்பட்டது. ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது இணைப்பாக மாறும் சொற்கள், அந்த வாக்கியத்தில் தானாக அமைந்தவையாக இருக்கட்டும். பல தளங்களிலிருந்து ஒரே சொற்றொடரில் உங்களுக்கு இணைப்புகள் வந்தால், அவற்றை ஒருவரே வைத்தார் என்று காட்டிக்கொடுக்க வேறு சான்று வேண்டாம்.

இந்த இரண்டு வழிகளையும் சேர்த்துச் செய்யும் ஒரு முறை இருக்கிறது. உங்கள் நிலைமைக்கு நான் பரிந்துரைப்பது அதையே. படத்தை உங்கள் தளத்தில் வெளியிடுங்கள். அதே பொருளைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கும் தளங்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களுக்குப் படத்தையும், அவர்கள் பக்கத்துக்கென்றே புதிதாக எழுதிய ஒரு சிறு முன்னுரையையும் தருவதாகச் சொல்லுங்கள். முழுக் கட்டுரை எழுதும் சுமை உங்களுக்கு இல்லை. வெறும் படத்தை ஒட்டி அதற்குச் சொந்தமாக ஏதாவது எழுத வேண்டிய சுமை அவர்களுக்கும் இல்லை. மடல் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். சங்கிலிப் பராமரிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், சங்கிலி நீண்டுவிட்டால் மாற்ற வேண்டும் என்ற பகுதியைப் படித்தேன். எவ்வளவு நீண்டால் என்பதை அளவுகோலோடு மூன்று நிலைகளில் காட்டும் படம் ஒன்றை வரைந்திருக்கிறேன். அந்தப் பகுதிக்குப் பயன்படும் என்று நினைத்தால் தெரிவியுங்கள், அனுப்புகிறேன். உங்கள் வாசகர்களுக்கு ஏற்றபடி நூற்றைம்பது சொற்களில் ஒரு முன்னுரையும் எழுதித் தருகிறேன்."

இந்த மடலில் புகழ்ச்சி இல்லை. இணைப்பு என்ற பேச்சே இல்லை. படித்ததற்கு அடையாளமாக ஒரு குறிப்பிட்ட பகுதி இருக்கிறது, என்ன தரப்போகிறோம் என்பது இருக்கிறது, மறுக்க வசதியும் இருக்கிறது. முதல் மடலிலேயே படத்தை இணைத்து அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் கோப்பை யாரும் திறக்க விரும்புவதில்லை. பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். பெரும்பாலான மடல்களுக்குப் பதில் வராது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தொடங்குங்கள். பதில் எழுதியவர் இப்போது படத்தை எடுக்காவிட்டாலும், உங்கள் பெயரை அறிந்த ஓர் ஆசிரியர் ஆகிவிட்டார். அடுத்த படத்தை அவரிடம் முதலில் காட்டலாம். ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்பும் கருவிகள் இந்த உறவைத்தான் முதலில் கொல்கின்றன.

பலனை அளக்க, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் உள்ள இணைப்புகள் அறிக்கை போதுமானது. எத்தனை இணைப்புகள் என்பதைவிட எத்தனை வெவ்வேறு தளங்கள், அவை யாருடையவை என்று பாருங்கள். தளத்தின் பார்வையாளர் புள்ளிவிவரத்தில், அந்த இணைப்புகளைச் சொடுக்கி எவராவது வந்தார்களா என்று பாருங்கள். வந்தவர்கள் இன்னொரு பக்கத்தையும் படித்திருந்தால் அது நல்ல இடம். அங்கே மறுபடியும் எழுதலாம். தரவரிசையில் மாற்றம் தெரிய மாதங்கள் ஆகும். அதற்கிடையே மூன்றாம் பக்கத்தில் நிற்கும் கட்டுரைகளையும் ஒருமுறை திருப்பிப் படித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் ஏதாவது ஒன்று உங்கள் கட்டுரையில் இல்லாமல் இருக்கலாம். அந்தக் குறையை எந்த இணைப்பும் நிரப்பாது.

அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க ஒதுக்கிய பணத்தை, நன்றாக வரையத் தெரிந்த ஓர் ஓவியருக்குக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு படம், மாதத்துக்கு ஒரு விருந்தினர் கட்டுரை, வாரத்துக்கு ஐந்தாறு மடல்கள். தனியாளாகத் தளம் நடத்துபவர் தரம் குறையாமல் தாங்கக்கூடிய வேகம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிய இணைப்புகள் பற்றி. சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் (கூகுள் ஊழியர்கள் பார்த்து எடுத்த நடவடிக்கைகள்) என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். செயற்கை இணைப்புகள் பற்றி எச்சரிக்கை ஏதாவது வந்திருந்தால், அந்தத் தளங்களுக்கு எழுதி இணைப்புகளை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுப்பவற்றை 2012 அக்டோபரிலிருந்து கூகுள் தந்துவரும், இன்ன இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று சொல்ல உதவும் டிஸவோ கருவியில் பட்டியலிட்டுச் சமர்ப்பியுங்கள். பிறகு மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கும்போது, எதை வாங்கினீர்கள், எதை நீக்கினீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள். அந்தப் பகுதி காலியாக இருந்தால் டிஸவோ பக்கம் போக வேண்டாம். சில வாங்கிய இணைப்புகளைக் கூகுள் பெரும்பாலும் தானே கழித்துவிட்டிருக்கும். கைதவறி நல்ல தளம் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் அது உங்களுக்குத்தான் நட்டம். விற்றவரிடம் ஆண்டுச் சந்தா கட்டியிருந்தால், அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுங்கள்.